‘மடோகா மாகிகா’வின் முடிவைப் பார்த்துவிட்டு மனம் கனக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானிய அனிமே தொடரான ‘மஹோ ஷோஜோ மடோகா மாகிகா’வின் பன்னிரண்டு எபிசோடையும் பார்த்து முடித்தவர்களுக்காக எழுதியது இது. பாதியில் இருப்பவர்கள் தயவுசெய்து இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கீழே எல்லாமே ஸ்பாய்லர்தான், அதுவும் கடைசி இருபது நிமிடத்தின் ஸ்பாய்லர். அந்த இருபது நிமிடத்தை ஒன்றும் தெரியாமல் பார்க்கும் வாய்ப்பு ஒருமுறைதான் கிடைக்கும்.

பார்த்து முடித்த நண்பர்கள் ஒவ்வொருவராக என்னிடம் கேட்ட கேள்விகளையும், முதல்முறை முடித்த இரவில் நானே என்னைக் கேட்டுக்கொண்டவற்றையும் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன். சில பதில்கள் நீளம். அந்த இடங்களில் எனக்குச் சொல்ல நிறைய இருந்தது.

தொடர் முடிந்து இரண்டு நாளாகிவிட்டது. இன்னும் நெஞ்சில் ஏதோ அடைத்த மாதிரி இருக்கிறது. ‘கார்ட்டூன்தானே’ என்கிறார்கள். எனக்கு மட்டும்தான் இப்படியா?

உங்களுக்கு மட்டும் இல்லை. 2011-ல் வந்த தொடர் இது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் முதல்முறை பார்ப்பவர்கள் இதையேதான் சொல்கிறார்கள். வரைந்த முகம் என்பதால் வலி பொய்யாகிவிடாது. அந்தப் பெண்களோடு ஐந்து மணி நேரம் இருந்திருக்கிறீர்கள். அவர்களில் ஒருத்தியை மூன்றாவது எபிசோடிலேயே பறிகொடுத்தீர்கள், இன்னொருத்தி கண்ணெதிரே உருமாறிப் போனாள். கடைசியில் எல்லாம் சரியாகிவிட்டது என்று கதை சொல்கிறது, ஆனால் மனம் அதை ஏற்க மறுக்கிறது. அடைத்த மாதிரி இருப்பது அதனால்தான்.

கடைசி எபிசோடில் என்ன நடந்தது என்றே எனக்கு முழுதாகப் புரியவில்லை. சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

மந்திரச் சிறுமிகள் நம்பிக்கை இழக்கும்போது அவர்களே சூனியக்காரிகளாக மாறுகிறார்கள். தொடரின் நடுவில் வெளிப்படும் உண்மை இது. ஜப்பானிய மொழியில் சூனியக்காரி ‘மஜோ’, சிறுமி ‘ஷோஜோ’. மஜோவாக வளரப்போகிறவளை ‘மஹோ ஷோஜோ’ (மந்திரச் சிறுமி) என்று அழைப்பது பொருத்தம்தானே என்று, ஒரு வேண்டுதலை நிறைவேற்றிச் சிறுமிகளை மந்திரச் சிறுமிகளாக்கும் பிராணியான கியூபே எட்டாவது எபிசோடில் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகும். மந்திரச் சிறுமிக் கதைகள் அத்தனைக்கும் பொதுவாக இருந்த பெயரையே இந்த ஒரு வரி வேறு அர்த்தத்துக்குத் திருப்பிவிடுகிறது.

கதையின் நாயகி மடோகா தன் ஒரே வேண்டுதலை இந்தச் சுழற்சிக்கு எதிராக வைக்கிறாள். கடந்த காலம், எதிர்காலம், எல்லா உலகங்கள் என எங்கும் எந்தச் சூனியக்காரியும் பிறக்கக் கூடாது, பிறக்கும் முன்பே தன் கையால் அவர்களை அழிக்க வேண்டும் என்கிறாள். அது நிறைவேறுகிறது. ஒவ்வொரு மந்திரச் சிறுமியும் நொறுங்கப் போகும் கணத்தில் மடோகா அங்கே வந்து அவளுடைய ஆன்மா அடங்கிய கல்லின் கறையைத் தானே வாங்கிக்கொள்கிறாள். அந்தச் சிறுமி சூனியக்காரி ஆகாமல் அமைதியாக மறைகிறாள். இப்படி எல்லாக் காலத்திலும் இருக்க வேண்டுமென்றால் ஒரு குறிப்பிட்ட காலத்தில், ஒரு வீட்டில், ஒருத்தியாக வாழ முடியாது. ஆகவே அவள் பிறந்ததே இல்லை என்று உலகம் திருத்தி எழுதப்படுகிறது. புதிய உலகத்தில் சூனியக்காரிகளுக்குப் பதில் ‘மஜூ’ என்னும் அரக்கர்கள் இருக்கிறார்கள். சண்டை தொடர்கிறது. மடோகாவை நினைவில் வைத்திருப்பவள் அவளுடைய தோழி ஹோமுரா மட்டும்.

அப்படியானால் மடோகா செத்துவிட்டாளா?

இல்லை. சாவென்றால் ஓர் உடல் இருக்கும், ஒரு நாள் இருக்கும், அழ நாலு பேர் இருப்பார்கள். அவளுக்கு அது எதுவுமே கிடைக்கவில்லை. அவள் ஒரு விதியாகிவிட்டாள். மற்ற மந்திரச் சிறுமிகள் ‘சுழற்சியின் நியதி’ என்று பேசிக்கொள்வது அவளைத்தான். அந்த நியதிக்கு ஒரு முகம் உண்டு, அதற்கு இளஞ்சிவப்பு முடி, அது வகுப்பில் கொஞ்சம் கூச்சமாக உட்கார்ந்திருந்த பெண் என்பது அவர்களுக்குத் தெரியாது.

அவள் விரும்பித்தானே அதைச் செய்தாள்? உலகத்துக்கும் நல்லதுதான் நடந்தது. பிறகு ஏன் எனக்கு அழுகை வருகிறது?

இந்தக் கேள்வியோடுதான் நான் அதிக நாள் கழித்திருக்கிறேன்.

மரணம் இந்தத் தொடரில் புதிதல்ல. மாமி, கியோகோ என்ற மந்திரச் சிறுமிகளின் சாவுக்கு நாம் அதிர்ந்தோம், ஆனாலும் அவற்றைத் தாங்கிக்கொண்டோம். முடிவு தரும் வலி அந்த ரகமே இல்லை. அது மறக்கப்படுவதன் வலி. ஊருக்காக விழுந்தவனுக்கு நடுகல்லாவது இருக்கும். பெயரும் செயலும் கல்லில் நிற்கும். மடோகா செய்தது அதைவிடப் பெரிய காரியம். அதற்குச் சாட்சியே இல்லாமல் போகிறது.

மறதியைத் தொடர் எப்படிக் காட்டுகிறது என்று பாருங்கள். ஆற்றங்கரையில் அவளுடைய குட்டித் தம்பி தத்சுயா குச்சியால் மண்ணில் ஒரு முகம் வரைந்து ‘மடோகா’ என்கிறான். மூன்று வயதுக் குழந்தை. அவனுக்கு அக்கா இல்லை, இருந்ததும் இல்லை. அம்மா ஜுன்கோ அதை அவன் கற்பனையில் பிறந்த தோழி என்று நினைக்கிறாள். அந்தப் பெயரைக் கேட்டால் தனக்கும் ஏதோ பழைய ஏக்கம் வருகிறது என்கிறாள், காரணம் தெரியாமல். வயிற்றில் சுமந்த மகள். அவளுக்கு மிஞ்சியது ஒரு கணத் தயக்கம் மட்டும்.

அந்தக் காட்சியில் அம்மாவின் அருகில் உட்கார்ந்திருக்கும் ஹோமுராவுக்கு எல்லாம் தெரியும். ஆனால் அவளால் எதையும் சொல்ல முடியாது, சொன்னாலும் யாருக்கும் விளங்காது. அவள் தலையில் மடோகாவின் சிவப்பு ரிப்பன் இருக்கிறது. தொடர் அந்த இடத்தில் நம்மையும் அவள் பக்கத்திலேயே உட்கார வைத்துவிடுகிறது. அந்த உலகத்தில் மடோகாவை அறிந்தவர்கள் இரண்டே தரப்பு: ஹோமுராவும், திரைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நாமும். யாரோ எங்கோ உனக்காகப் போராடிக்கொண்டிருக்கிறாள், அவளை நீ நினைவில் வைத்திருக்கும்வரை நீ தனி ஆள் இல்லை என்ற பொருளில் தொடரின் கடைசியில் சில வரிகள் வரும். அவை நம்மைப் பார்த்துச் சொல்லப்படுபவை.

ஆகவே உங்கள் கனத்தை ஏதோ கோளாறு என்று எண்ண வேண்டாம். உலகமே மறந்த ஒருத்தியை நினைவில் வைத்திருக்கும் வேலை உங்களிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது, நீங்களும் அதைச் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

இதைச் சந்தோஷ முடிவு என்பதா, சோக முடிவு என்பதா?

ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் எனக்குக் கை வராது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல்தான் எனக்கு இதில் உதவியது. அழுகை பிறக்கும் இடங்கள் நான்கு என்று அது பிரிக்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பெருமிதம் பிறக்கும் இடங்களும் நான்கு: கல்வி, தறுகண், இசைமை, கொடை. இந்த முடிவில் இழவும் கொடையும் ஒரே செயலில் இருக்கின்றன. மடோகா தன்னைக் கொடுக்கிறாள் என்பதால் பெருமிதம். அந்தக் கொடையாலேயே அவளை இழக்கிறோம் என்பதால் அழுகை. ஒன்றை ஒன்று கரைப்பதில்லை, பாதிக்குப் பாதி கலந்து நடுவில் ஓர் உணர்வாக மாறுவதும் இல்லை. இரண்டும் முழு அளவில் ஒரே நேரத்தில் வந்து நிற்கின்றன. கண் கலங்கியபடியே நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள் என்றால் சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள்.

இசைமை, அதாவது புகழ், அவளுக்குக் கிடைக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். புகழே வராத கொடை. அதனால்தான் அது இவ்வளவு உறைக்கிறது.

எனக்கு இது ஏமாற்று வேலையாகத் தோன்றியது. பதினோரு எபிசோடு துன்புறுத்திவிட்டு, கடைசியில் ‘கடவுளாகிவிட்டாள்’ என்று முடித்தால் எப்படி?

முதல்முறை எனக்கும் அந்த எண்ணம் ஓடியது. பதினோராவது எபிசோடை மறுபடி பார்த்தபோது மாறிவிட்டது.

மடோகாவுக்கு ஏன் அவ்வளவு பெரிய சக்தி என்ற கேள்வியைத் தொடர் தொடக்கத்திலிருந்தே எழுப்பிக்கொண்டு வருகிறது. சாதாரணக் குடும்பத்துப் பெண், அரசியும் இல்லை, மீட்பரும் இல்லை. விடையைக் கியூபே ஹோமுராவிடம் சொல்கிறது. மடோகாவைக் காப்பாற்ற ஹோமுரா திரும்பத் திரும்பக் காலத்தில் பின்னோக்கிப் போய் அதே ஒரு மாதத்தை மறுபடி வாழ்கிறாள். ஒவ்வொரு முறையும் ஓர் உலகம் தோற்றுப்போகிறது. அந்த உலகங்களின் விதி இழைகளெல்லாம் மடோகா என்னும் ஒரே ஆளைச் சுற்றிச் சுருண்டு சேர்கின்றன. ஹோமுரா தோற்கத் தோற்க மடோகாவின் சக்தி ஏறுகிறது. அதைக் கேட்ட கணத்தில் ஹோமுரா உடைந்துபோகிறாள், தான் செய்ததெல்லாம் கேடாக முடிந்ததே என்று. ஆனால் அடுத்த எபிசோடில் உலக விதியையே மாற்றும் வேண்டுதல் சாத்தியமாவது, சேர்ந்துபோன அந்த இழைகளால்தான்.

வானத்திலிருந்து விழுந்த தீர்வு என்று இதைச் சொல்லவே முடியாது. ஹோமுராவின் தோல்வி ஒவ்வொன்றும் வட்டியோடு சேர்ந்து நின்ற முதல் அது. அவள் ஒருமுறையாவது களைத்து நிறுத்தியிருந்தால் மடோகாவால் அதை வேண்டியிருக்க முடியாது. ஹோமுராவுக்கு அது ஆறுதலா? இல்லவே இல்லை. அவள் கேட்டது மடோகா உயிரோடு பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான். அவளுடைய உழைப்பு எல்லோருக்கும் பலித்தது, அவளுக்குத் தவிர.

வேண்டுதலின் சொற்களையும் பாருங்கள். அளவில்லாத ஆசைக்கு அளவில்லாத விரக்தி விலையாக வர வேண்டும் என்பது அந்த உலகின் கணக்கு. மடோகாவின் வேண்டுதலிலிருந்து பிறக்கும் சூனியக்காரி உலகையே அழிக்கும் அளவு பெரியவளாக இருந்தாக வேண்டும். அப்படி ஒருத்தி தலைகாட்டவும் செய்கிறாள். ஆனால் சூனியக்காரிகள் அனைவரும் என்று வேண்டியபோது மடோகா தன்னையும் சேர்த்தே சொல்லியிருக்கிறாள். வேண்டுதல் தன் விலையையே அழித்துவிடுகிறது. விதிக்குள் இருந்துகொண்டே விதியை மடக்குகிறாள்.

உலகத்தையே மாற்றியவளால் சயாகாவைத் திருப்பிக் கொண்டுவர முடியாதா?

முடியும். அவளே தன் தோழி சயாகாவிடம் அதைச் சொல்கிறாள். வயலின் வாசிக்கும் கியோசுகேயின் கை குணமாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டவள் சயாகா. அவளைச் சாதாரணப் பெண்ணாகத் திருப்ப வேண்டுமென்றால் அந்த வேண்டுதலையே இல்லாமல் செய்ய வேண்டும். கை குணமாகாது, வயலினும் இல்லை. இருவரும் அரங்கத்தில் உட்கார்ந்து கியோசுகே வாசிப்பதைக் கேட்கிறார்கள். சயாகா அதைக் கேட்டுவிட்டு, இது போதும் என்கிறாள். புதிய உலகத்திலும் சண்டையில் சக்தி முழுவதும் தீர்ந்து மறைகிறாள். ரயில் நிலையத்தில் கியோகோ, இப்போதுதானே நட்பானோம் என்று ஆத்திரப்படுகிறாள்.

எனக்கு இந்தத் தொடர்மேல் மதிப்பு வந்ததே இந்தக் காட்சியால்தான். எல்லோரையும் உயிரோடு திருப்பித் தந்திருந்தால் முன்பு நாம் அழுததெல்லாம் செல்லாக்காசாகியிருக்கும். மடோகா பறிப்பது சாவை அல்ல, சாவுக்கு முன் வரும் அந்தக் கடைசிச் சாபத்தை. நம்பியதற்காக ஒருத்தி தண்டிக்கப்படக் கூடாது, அவ்வளவுதான் அவள் கேட்டது. சயாகா அன்பினால் செய்தது அன்பாகவே முடிகிறது.

கியூபேயைக் கடைசிவரை யாரும் தண்டிக்கவே இல்லையே!

ஆமாம். அது உறுத்தத்தான் செய்யும். பிரபஞ்சத்தின் ஆற்றல் குறைந்துகொண்டே போவதைச் சரிக்கட்டத்தான் கியூபேயின் இனம் சிறுமிகளின் உணர்ச்சியை அறுவடை செய்கிறது. அதற்கு வெறுப்பும் இல்லை, இரக்கமும் இல்லை. தண்டித்தாலும் அதற்கு உறைக்காது. புதிய உலகத்தில் ஹோமுரா பழைய உலகைப் பற்றிச் சொல்லும்போது, அப்படி ஒரு முறை இருந்தால் வசதியாக இருக்குமே என்று அது யோசிக்கும் இடத்தைக் கவனித்தீர்களா? ஆபத்து தீர்ந்துவிடவில்லை என்பதற்கான குறிப்பு அது. பின்னால் வந்த படம் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

இதை எழுதியவர் ஏன் இவ்வளவு கொடூரமாக எழுதினார்?

கதை கென் உரோபுச்சியுடையது. இயக்கம் அகியுகி ஷின்போ, தயாரிப்பு ஷாஃப்ட் ஸ்டூடியோ, பாத்திரங்களின் வடிவம் உமே அவோகி. வட்டக் கன்னமும் பெரிய கண்ணுமாக அவோகி வரைந்த அந்த முகங்கள்தான் முதல் இரண்டு எபிசோடு நம்மைத் தாலாட்டுகின்றன. சூனியக்காரிகளின் வெட்டி ஒட்டிய காகித உலகங்கள் கெகிதான் இனு கர்ரி என்ற கலைக் குழுவின் கைவண்ணம்.

உரோபுச்சி இதற்குச் சில ஆண்டுகள் முன்பு எழுதிய ‘ஃபேட் ஸீரோ’ நாவலின் முதல் தொகுதிக்கு ஒரு பின்னுரை எழுதினார். மனதுக்கு இதமான கதை எழுதத்தான் ஆசை, ஆனால் தன்னால் முடியவில்லை என்று அதில் வருந்துகிறார். விட்டால் எல்லாம் சீரழிவை நோக்கியே போகும், பிரபஞ்சம் குளிர்ந்துகொண்டே போவது போல. நல்ல முடிவு எழுத வேண்டுமென்றால் காரண காரியத்தையே வளைத்து, பிரபஞ்ச விதிக்கு எதிராக நடக்கும் தெம்பு வேண்டும் என்பது அவர் வாதம்.

அதைத் தெரிந்துகொண்டு பன்னிரண்டாவது எபிசோடைப் பாருங்கள். பிரபஞ்சம் குளிர்கிறது என்ற வாதத்தைப் பேசுவது கியூபே. விதியை எதிர்த்து நடக்கும் தெம்பு மடோகாவுக்கு. தன்னால் எழுத முடியாதென்று அவர் நினைத்த முடிவை அவருக்காக எழுதித் தருபவள் பதினான்கு வயதுப் பெண். கொடூரம் என்று சிலர் சொல்வதில் எனக்குத் தெரிவது நம்பிக்கைக்காகத் தவித்த ஒரு மனிதர்.

ஃபாஸ்ட் நாடகத்தோடு தொடர்பு இருக்கிறது என்கிறார்களே?

இருக்கிறது. ஜெர்மன் கவிஞர் கெதேயின் நாடகத்தில் ஆன்மாவை விலைபேசும் ஒப்பந்தம் வருகிறது. இங்கே நகரத்தை அழிக்க வரும் பெரிய சூனியக்காரியின் பெயர் வால்புர்கிஸ்நாஹ்ட், அந்த நாடகத்தில் சூனியக்காரிகள் கூடும் இரவு. பழைய உலகங்களில் மடோகா சூனியக்காரி ஆனபோது அவளுக்குப் பெயர் கிரீம்ஹில்ட் கிரெட்சன். கிரெட்சன் ஃபாஸ்டால் நாசமான பெண். ஆனால் இரண்டாம் பாகத்தின் முடிவில் அவனுடைய ஆன்மாவுக்காகப் பரிந்து பேசுபவளும் அவளே. முடிவை முன்கூட்டியே பெயரில் ஒளித்துவைத்திருக்கிறார்கள்.

ஜப்பானில் இந்த முடிவு தள்ளிப்போனது உண்மையா?

உண்மை. 2011 ஜனவரியில் தொடங்கிய தொடர். மார்ச் 11-ம் தேதி கிழக்கு ஜப்பானில் 9.0 அளவு நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் வந்தன. ஹோமுராவின் கடந்த காலத்தைச் சொல்லும் பத்தாவது எபிசோடு நாட்டின் ஒரு பகுதியில் ஒளிபரப்பாகிச் சில மணி நேரம்தான் ஆகியிருந்தது. மிச்சம் நிறுத்திவைக்கப்பட்டது. கடைசி இரண்டு எபிசோடும் ஏப்ரல் 21 பின்னிரவில் அடுத்தடுத்து வந்தன.

அவற்றில் என்ன வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். புயலாக வரும் பேரழிவு, இடிந்து நீரில் கிடக்கும் நகரம், நிவாரண முகாமில் பாய் விரித்துப் படுத்திருக்கும் குடும்பங்கள், வெளியே போகாதே என்று மகளைப் பிடித்து நிறுத்தும் அம்மா. அந்த ஏப்ரலில் ஜப்பானில் அதைப் பார்த்தவர்களுக்கு அது வெறும் கதையாக இருந்திருக்காது.

ஒரு சிறுமி தன்னை அழித்துக்கொள்வதை இப்படி அழகாகக் காட்டுவது தப்பில்லையா?

நியாயமான கேள்வி. தொடரை நேசிக்கிறவர்கள் இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

என் கருத்து இது. மடோகாவின் பழைய தியாகங்களைத் தொடர் அழகாகக் காட்டவே இல்லை. பத்தாவது எபிசோடில் அவள் மற்றவர்களுக்காகப் பலமுறை சாகிறாள், ஒவ்வொன்றும் வீண்போகிறது, ஒவ்வொன்றும் ஹோமுராவை இன்னும் நொறுக்குகிறது. தன்னை மதிக்காமல் தன்னைக் கொடுப்பதன் கேட்டைச் சயாகாவின் கதை முழுவதும் சொல்கிறது. அம்மாவிடமும் ஹோமுராவிடமும் உண்மையாகப் பேசி, தான் என்ன இழக்கிறோம் என்று முழுதாகத் தெரிந்த பிறகுதான் மடோகா கடைசி முடிவை எடுக்கிறாள். அந்த வேறுபாடு எனக்குப் போதுமானது.

ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மனச்சோர்வில் இருக்கும் ஒருவர், தான் இல்லாமல் போனால் எல்லோருக்கும் நல்லது என்று ஏற்கெனவே நினைத்துக்கொண்டிருக்கும் ஒருவர், இந்த முடிவை மிகத் தவறாக வாசிக்க வாய்ப்பு இருக்கிறது. அந்த ஒருவர் நீங்களாக இருந்தால், தயவுசெய்து இன்றே நம்பிக்கையான ஒருவரிடமோ மனநல மருத்துவரிடமோ வாய்விட்டுப் பேசுங்கள். மடோகா அந்த எல்லையற்ற வெளிக்குப் போனது எதற்காக? நொறுங்கும் பெண்கள் தனியாக நொறுங்கக் கூடாது என்பதற்காக. அவள் ஒவ்வொருத்தியின் பக்கத்திலும் போய் உட்காருகிறாள்.

சரி, இப்போது நான் என்ன செய்வது? வேறு எதையும் பார்க்க மனம் வரவில்லை.

கொஞ்ச நாள் பார்க்காதீர்கள். அடுத்த தொடரை உடனே தொடங்கி இதை மூடி மறைப்பது எனக்கு ஒருபோதும் பலித்ததில்லை, அந்த அடுத்த தொடருக்கும் அநியாயம். பார்த்து முடித்த இன்னொருவரோடு பேசுங்கள். அப்படி யாரும் இல்லையென்றால் எழுதுங்கள், யாருக்கும் காட்ட வேண்டாம். யுகி கஜியுராவின் பின்னணி இசையைத் தனியாகக் கேளுங்கள். தொடக்கப் பாடலையும் கேளுங்கள், அது மடோகாவின் உற்சாகப் பாட்டு என்று நினைத்திருப்பீர்கள். பத்தாவது எபிசோடில் அது தொடக்கத்தில் வராமல் கடைசியில் வந்தது ஞாபகம் இருக்கிறதா? ஹோமுராவின் கதை முழுதும் தெரிந்த பிறகு அதே பாட்டு அவளுடைய வாக்குறுதியாகக் கேட்கிறது.

2013-ல் வந்த படத்தைப் பார்க்க வேண்டுமா?

உடனே வேண்டாம். 2012 அக்டோபரில் வந்த இரண்டு படங்கள் தொடரையே சுருக்கித் தொகுத்தவை, அவற்றை விட்டுவிடலாம். 2013 அக்டோபர் 26 அன்று வெளியான மூன்றாவது படம் புதிய கதை. இந்த முடிவோடு ஹோமுராவால் வாழ முடிந்ததா என்று அது கேட்கிறது. அதன் பதில் உங்களுக்கு இப்போது கிடைத்திருக்கும் கொஞ்சநஞ்ச அமைதியையும் கலைக்கும். தைரியமான படம், எனக்கு மிகவும் பிடித்த படம். ஆனாலும் தொடரின் முடிவு உங்களுக்குள் ஊறச் சில வாரமாவது கொடுங்கள். தொடர் தன்னளவில் முழுமையானது, படம் பார்க்காவிட்டாலும் எதுவும் குறையாது.

என் தங்கைக்குப் பத்து வயது. போஸ்டரைப் பார்த்துவிட்டுக் கேட்கிறாள். காட்டலாமா?

வேண்டாம். போஸ்டரை நம்பாதீர்கள்.

மறுபடி பார்த்தால் வலி குறையுமா?

குறையாது, இடம் மாறும். முதல்முறை மடோகாவுக்காகப் பயந்துகொண்டு பார்த்திருப்பீர்கள். இரண்டாம் முறை கண் முழுக்க ஹோமுராமேல் இருக்கும். முதல் எபிசோடில் புது மாணவியாக வகுப்புக்குள் வந்து மடோகாவைப் பார்க்கிறாளே, அப்போது திமிர் பிடித்தவள் என்றுதானே நினைத்தோம்? எத்தனையாவது முறையாக அந்த வாசலில் வந்து நிற்கிறாள் என்று தெரிந்துகொண்டு அந்தப் பார்வையைப் பாருங்கள்.

இன்னொரு காட்சி அதற்கும் முன்னால் வரும், பலர் கவனிப்பதில்லை. காலையில் கண்ணாடி முன்னால் மடோகாவும் அம்மாவும் பள்ளிக்கும் வேலைக்கும் கிளம்புகிறார்கள். மடோகா இரண்டு ரிப்பன்களை நீட்டி எது நன்றாக இருக்கும் என்று கேட்கிறாள். அம்மா சிவப்பைக் காட்டுகிறாள். ரொம்பப் பளிச்சென்று இல்லையா என்று மடோகா தயங்க, அந்த அளவு இருந்தால்தான் சரி என்கிறாள் அம்மா. பன்னிரண்டாவது எபிசோடில் ஆற்றங்கரையில், முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் தலையில் அதே ரிப்பனைப் பார்த்து, அழகாக இருக்கிறதே, என் ரசனைக்கு ஏற்ற மாதிரி இருக்கிறது என்கிறாள். உங்களுக்குத் தரட்டுமா என்று ஹோமுரா கேட்கிறாள். அம்மா வேண்டாம் என்று சிரிக்கிறாள்.